மூடுபனிக்கு முன்னால்: கொட்டகலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்த தோட்டத்துக் குடும்பங்களிடம் விசாரித்தால் அடிக்கடி கிடைக்கும் பதில் இதுதான்: "போனோம், ஒரே பனி, ஒன்னும் தெரியல." வேன் பிடித்து, பிள்ளைகளை எழுப்பி, சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் உலக முடிவு எனும் செங்குத்துப் பாறையின் ஓரத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். மலையைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்தின் நாட்காட்டியும் சமவெளியின் நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. கையில் காசும் லீவும் சேரும் நாட்களில் மலை மூடிக்கிடக்கிறது. மலை திறந்திருக்கும் நாட்களில் நமக்கு வேலைக்குப் போய்ப் பேர் போட வேண்டியிருக்கிறது. இந்தப் பயணத்தைத் திட்டமிடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கும். பாதை, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

முதலில் இடத்தைப் பற்றி. கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில், சுமார் 3,160 ஹெக்டயர் பரப்பில் விரிந்து கிடக்கும் பத்தனைப் புல்வெளியும் முகில் காடும் சேர்ந்ததுதான் இந்தப் பூங்கா. சிங்களத்தில் மகா எலிய. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள். நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தவும் மூன்றாவதான தொட்டுபொலவும் இதற்குள்ளேயே நிற்கின்றன. 1969 டிசம்பரில் சரணாலயமாகவும் 1988 மார்ச்சில் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் காடு ஆகியவற்றுடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்தத் தேதிகளைவிட நமக்கு முக்கியமான ஆண்டு 1873. லண்டன் கியூ பூங்காவின் இயக்குநராக இருந்த தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அரசும் அப்படியே உத்தரவு போட்டது. அப்போது மலைநாட்டில் கோப்பிக் காலம். தேயிலை அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் கோடு எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை. நுவரெலியாவைச் சுற்றி 6,000 அடியிலும் தேயிலை நிற்பதை நாம் பார்க்கிறோம். ஆனாலும் சமவெளிக் காடு தப்பியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் வெட்டிச் சாய்த்த காடுகள் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவருக்கு, இந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. கொழுந்து மலைக்கு முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்கும் பிள்ளையை அழைத்துப்போய் நிறுத்த வேறு பாடசாலை வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் நீர் ஊறும் மலை இது. சமவெளியின் மேற்குச் சரிவில் பிறக்கும் ஆக்ரா ஓயா அக்கரப்பத்தனைப் பக்கமாக இறங்கி, கொத்மலை ஓயாவில் கலந்து தலவாக்கலைக்கு வருகிறது. அங்கேதான் மேல் கொத்மலை அணை அதைத் தேக்குகிறது. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மின்நிலையத்துக்குப் போவது அந்தத் தண்ணீர். கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் பஸ்ஸில் போகும்போது எதிர்மலையில் தெரியும் சென்கிளயர் அருவியில் விழுவதும் அதுவே. சமவெளியின் புல்லும் பாசியும் பனியைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால்தான் மழையில்லாத மாதங்களிலும் ஆறு முற்றாக வற்றுவதில்லை. பயணத்தைக் கெடுத்துவிட்டதாக நாம் திட்டும் அதே பனிதான்.

இனிக் காலம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் இங்கே வானம் ஓரளவு நம்பகமானது. இரவில் புல்மேல் உறைபனி படியும் அளவு குளிர் இருந்தாலும் காலை தெளிவாக விடியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஆளைத் தள்ளும் காற்றும் தூறலும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடிமழை. இந்தக் கணக்கைத் தோட்டத்துக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் மொத்தமாகப் பணம் புழங்குவது தீபாவளி முற்பணம் கிடைக்கும்போது. அது மழையின் உச்சம். சித்திரைப் புத்தாண்டுக்குப் பாடசாலை விடுமுறை, கொழும்பிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அப்போது நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம். நானுஓயாவிலிருந்தே வாகனம் நகராது. மிஞ்சுவது தைப்பொங்கலும் மாசியும். பொங்கலுக்கு மறுநாள் போகலாம். ஆனால் சில வருடங்களில் வடகீழ்ப் பருவமழை தை வரை இழுத்துக்கொண்டு நிற்கும். என் கணிப்பில் மாசி மாதமே முதல் தெரிவு. காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் அந்த மாதம் இராத் தூக்கம் கெடும் என்பது உண்மைதான். கூத்து முடிந்த வாரம் வைத்துக்கொண்டால் ஆயிற்று.

அடுத்த கேள்வி எந்தக் கிழமை. ஞாயிறும் போயாவும்தான் நமக்கு ஓய்வு. நாடு முழுவதற்கும் அதே நாட்கள்தான். வரிசை, வாகன நெரிசல், பாதையில் சத்தம் எல்லாம் அன்றைக்கு உச்சம். கிழமை நாளில் போனால் சமவெளி அமைதியாக இருக்கும். ஆனால் ஒருவருக்கு ஒரு நாள் பேர் போகும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பயணச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது டீசலோடு அந்த இரண்டு நாட்சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்கள் கிழமை நாளில் போங்கள் என்று சுலபமாக எழுதிவிடும். அவை நாட்கூலிக்காரருக்காக எழுதப்பட்டவை அல்ல. ஞாயிறு போவதே நம் கதி என்றால், நேரத்தைக் கொண்டுதான் அதை ஈடுகட்ட வேண்டும்.

நேரம் என்றால் காலை ஆறு மணி. வாயில் திறக்கும் அந்த வேளையில் அங்கே நிற்க வேண்டும். கீழே தாழ்நிலத்தில் வெயில் ஏற ஏற, ஈரக்காற்று செங்குத்துப் பாறையில் முட்டி மேலே எழுந்து குளிர்ந்து முகிலாகிறது. ஒன்பதரை, பத்து மணிக்கெல்லாம் உலக முடிவு மூடிவிடுவது இதனால்தான். பத்து மணிக்கு மேல் வந்து சேர்கிறவர்களுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டச் சீட்டு.

கொட்டகலையிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக ஏறி, அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல போய் வாயிலை அடைய எழுபது கிலோமீட்டர் அளவு வரும். வளைவுகளைக் கணக்கில் எடுத்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். ஆகவே விடிகாலை மூன்று மணிக்கு வேன் புறப்பட வேண்டும். இதில் பத்து நிமிஷம் தாராளம் காட்டினால்கூட வாசலில் வரிசையின் வாலில் நிற்க நேரும். முதல்நாள் பின்னேரமே சோற்றுக்குப் பதில் ரொட்டி சுட்டு, இடித்த சம்பல் செய்து வைத்துக்கொள்கிற வீடுகள் புத்திசாலி வீடுகள்.

கோச்சியில் போகலாமே என்று கேட்பார்கள். ஆசைக்குரிய பயணம்தான். கொட்டகலையில் ஏறினால் தலவாக்கலை, வட்டகொட, கிரேட்வெஸ்டர்ன், நானுஓயா, அம்பேவெல என்று வளைந்து ஏறி, நாட்டின் மிக உயர்ந்த ரயில் நிலையமான பட்டிப்பொலவைத் தாண்டி ஒஹிய வரும். ஆனால் கொழும்பிலிருந்து காலையில் புறப்படும் ரயில்கள் நம் பக்கம் வரவே நண்பகல் ஆகிவிடும். அன்றைக்கே சமவெளி பார்ப்பது நடக்காது. ஒஹியவில் அல்லது பட்டிப்பொலவில் ஒரு இரவு தங்கி, அங்கிருந்து மேலே பத்து, பதினொரு கிலோமீட்டருக்கு ஓட்டோ பேசிக்கொள்கிறவர்களுக்கே ரயில் சரிவரும். இளவட்டங்கள் நாலைந்து பேர் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். கைக்குழந்தையும் பாட்டியும் உள்ள குடும்பத்துக்கு வேன். மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் பாதை மூடப்படுவது புதிதல்ல என்பதால் புறப்படும் முன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பூங்காவுக்குள்ளேயே தங்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடுதிகளும் கூடார இடங்களும் உண்டு. முன்கூட்டியே பதிய வேண்டியிருக்கும். நம்மில் அதற்கு முயல்கிறவர் குறைவு.

டயகமவிலிருந்து மேலே ஏறும் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றும் உண்டு. தோட்டத்து முதியவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள், தூரமும் குறைவு. ஆனால் பூங்கா எல்லைக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைவது குற்றம். முகிலுக்குள் வழி தவறினால் தேடிவரவும் ஆள் இருக்காது. குறுக்கு வழி என்று பிள்ளைகள் கிளம்பினால் தடுப்பது நல்லது.

வாசலில் நடப்பதைச் சற்று நின்று பார்க்கலாம். சீட்டு வாங்கும் ஜன்னலில் இரண்டு கட்டணம்: உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு அதைப் போலப் பல மடங்கு. தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. நமக்கு இது சாதாரண விஷயம். நம் பாட்டன்மாருக்கு அப்படி இருந்திருக்காது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது. இந்த நிலம் சரணாலயமான 1969 இல் அடிவாரத்து லயங்களில் பலர் இந்தியாவா இலங்கையா என்று தெரியாமல் இருந்தார்கள். எஞ்சியோர் சிக்கல் சட்டத்தில் தீர்ந்தது 2003 இல்தான். அன்றைக்கு இப்படி ஒரு ஜன்னல் இருந்திருந்தால் எந்தக் கட்டணம் கேட்டிருப்பார்களோ.

ஜன்னலைத் தாண்டினால் பை சோதனை. பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. மாரி பிஸ்கட் பைக்கட்டைப் பிரித்து பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் போட்டுத் தருகிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலை உரிக்கிறார்கள். லன்ச் சீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல் எல்லாவற்றையும் விடச் சங்கடம்: அவிழ்த்துக் கொட்ட இடமின்றி ஒரு குடும்பமே வாசலில் நின்று திகைக்கும். வாழையிலையில் கட்டினால் அல்லது டிபன் பெட்டியில் கொண்டுபோனால் இந்தப் பிரச்சினையே இல்லை. கெடுபிடி அதிகம் என்று முணுமுணுக்கிறவர்கள் ஃபார் இன் முற்றத்தில் நிற்கும் மரைகளைப் பார்க்க வேண்டும். தோட்டத் துரை தோமஸ் ஃபாரின் பெயரில் வேட்டை விடுதியாக இருந்து இப்போது பார்வையாளர் நிலையமாகியிருக்கும் கட்டடம் அது. மனிதர் கையால் தின்று பழகிய பெரிய கிடா மரை ஒன்று காருக்குப் பக்கத்தில் வந்து, பையை முகர்ந்து, கிடைத்ததை உறையோடு மெல்லும். பொலித்தீன் வயிற்றில் தங்கிச் செத்த மரைகள் இங்கே உண்டு. படம் எடுக்க வாகாக நிற்கிறது என்று பிள்ளைகள் ரொட்டித் துண்டு நீட்டுவார்கள். அதற்கு இடம்கொடுக்க வேண்டாம்.

நடை சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர், வட்டப்பாதை. கொழுந்துக் கூடை சுமந்து மலையேறி இறங்குகிறவர்களுக்கு இது தூரமே இல்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்களை நம் பெண்கள் முந்திப் போவதைப் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களை மட்டும் பேக்கர் அருவி இறக்கத்துக்கு அழைத்துப் போகாமல் விடலாம். செருப்பைவிடச் சப்பாத்து நல்லது. ஸ்வெட்டர், மழைக்கு ஒரு மேலங்கி. பாதை பிரியும் இடத்தில் முதலில் உலக முடிவுப் பக்கம் போக வேண்டும், அருவியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். இதை மாற்றிச் செய்ததால் ஏமாந்தவர்கள் ஏராளம்.

உலக முடிவில் பாறை ஏறத்தாழ 870 மீட்டர் கீழே விழுகிறது. தெளிவான காலையில் வளவை நீர்த்தேக்கங்கள் தகடுபோலத் தெரியும். அதைவிட நம் கண் போய் நிற்கும் இடம் வேறு: நேர்கீழே நொன்பரீல் தோட்டம். தேயிலை வரிசைகளுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் லயங்கள். ஊர் ஊராக வந்து மக்கள் வியக்கும் காட்சியில் இருப்பது நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதைச் சுற்றுலாப் பலகைகள் எழுதுவதில்லை. ஓரத்தில் கவனம் தேவை. 2015 இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் படமெடுக்கப் பின்னோக்கி நகர்ந்து தவறி விழுந்தார். நாற்பது மீட்டர் அளவு கீழே ஒரு மரம் தாங்கியதால் உயிர் பிழைத்தார். இராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். எல்லோருக்கும் மரம் அமைவதில்லை.

பனி வந்துவிட்டால் பயணம் வீணா? இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தவறிப்போகின்றன. உலக முடிவு ஒன்றையே குறியாக வைத்துப் போகிறவருக்குப் பனி பகை. சமவெளியைப் பார்க்கப் போகிறவருக்கு அது வேடிக்கை. பெலிஹுல் ஓயா கரையில் குனிந்து பாருங்கள். தேத்தண்ணி நிறத்தில், சத்தமே இல்லாமல் ஓடும் நீர். ஓரத்தில் இடுப்புயரக் குட்டை மூங்கில் நெருக்கிக்கொண்டு நிற்கும். கீன மரங்கள் குடை பிடித்ததுபோல் உச்சி தட்டையாகி, கிளையெல்லாம் பாசித் தாடி தொங்க நிற்கும். செந்நிறப் பூப்பூக்கும் மகாரத்மல் தனித்தனியே புல்வெளியில். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று பாசிக் கிளையில் அசையாமல் ஒட்டியிருக்கும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர் அது. அழிந்தேபோனது என்று எண்ணியிருந்த மலைத் தேவாங்கின் படம் 2010 இல் இங்கிருந்துதான் வெளியானது. யானையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். சாமுவேல் பேக்கர் போன்ற துரைமார் 19 ஆம் நூற்றாண்டில் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளத் தொடங்கிய வேட்டை, அந்த இனத்தையே இந்த மலையிலிருந்து துடைத்துவிட்டது. அருவிக்கு அவர் பெயர் வைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் நெலுச் செடியும் இங்கே உண்டு. மூணாற்றிலும் கொடைக்கானலிலும் பூக்கும் குறிஞ்சியின் சொந்தக்காரச் செடி. 2013 இல் பூத்தபோது சனம் அலைமோதியது.

சிறுத்தை இருக்கிறது, பகலில் எதிர்ப்படுவது அபூர்வம். பூங்கா எல்லைக்கு வெளியேதான் அதற்கு ஆபத்து அதிகம். காட்டுப் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் தோட்டங்களில் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் சிக்கி, சிகிச்சை பலனின்றி இறந்தது. வேலிக்கு உள்ளே காப்பது அரசின் பொறுப்பு என்றால் வேலிக்கு வெளியே கம்பியை எடுப்பது நம் கையில் இருக்கிறது.

சமவெளி நலமாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 1960களில் இங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அந்தத் துண்டுகளில் பழைய புல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. தொட்டுபொல மலையில் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து சாவதை 1970களிலேயே கண்டு எழுதினார்கள்; மண், நீர், பூச்சி என்று காரணங்கள் பல சொல்லப்பட்டும் விவாதம் முடியவில்லை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த முள் மஞ்சள்பூச் செடி புல்வெளியைத் தின்கிறது. இவற்றுக்கு மேல் வாகனம். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையே பூங்காவைப் பிளந்துகொண்டு ரோடு போகிறது. ஞாயிறு காலையில் ஃபார் இன் முற்றத்தில் வேன்கள் நிற்க இடமில்லாமல் புல் ஓரத்தில் ஏறுகின்றன.

இந்த இடத்தில் மூணாற்றுக்கு அருகேயுள்ள இரவிகுளம் தேசிய பூங்காவை ஒப்பிடத் தோன்றுகிறது. அங்கும் சுற்றிலும் தேயிலை, அங்கும் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், அங்கும் புல்வெளியும் சோலைக்காடும். 1978 இல் தேசிய பூங்காவான அந்த இடத்தில் சொந்த வாகனத்தில் உள்ளே போக முடியாது. அடிவாரத்தில் இறங்கி வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். வரையாடு குட்டி ஈனும் பெப்ரவரி, மார்ச்சில் வழக்கமாகப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். நமக்குச் சமவெளியை மாசியில் மூடினால் கஷ்டம்தான். பஸ் யோசனை மட்டும் எனக்குப் பிடிக்கிறது. பட்டிப்பொலவிலிருந்து காலை ஐந்தரைக்கு ஒரு பஸ் விட்டால் ரயிலில் வந்து தங்குகிறவர்களுக்கும் தனி வேன் பிடிக்க வசதியற்ற தோட்டப் பாடசாலைகளுக்கும் வழி பிறக்கும். முற்றத்தில் புல்லும் பிழைக்கும். அப்படி ஒரு சேவை வரும்வரை பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் பிடித்துச் செலவைப் பங்கு போடுவதும், மூன்று மணிக்கு என்றால் மூன்று மணிக்கே வாசலில் நிற்கும் சாரதியாகப் பார்த்து இரண்டு வாரம் முன்பே சொல்லி வைப்பதும்தான் வழி.